எருக்குழியில் ஈயை அழிக்கும் குட்டிக் குளவிகள்

ஐப்பசி அடைமழை பிடித்துக்கொண்டால் பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களின் மாட்டுக் கொட்டகைகளில் ஈத் தொல்லை தலைதூக்கிவிடும். மக்காச்சோளமும் பருத்தியும் விளையும் வேப்பந்தட்டை, குன்னம் பகுதியானாலும், முந்திரித் தோப்புகள் நிறைந்த ஆண்டிமடம், செந்துறை பகுதியானாலும், கொள்ளிடக் கரையில் நெல் விளையும் திருமானூர் பகுதியானாலும், ஒன்றிரண்டு கறவை மாடும் நாலைந்து ஆடும் வைத்திருக்கும் சிறு விவசாயிகள் ஏராளம். மானாவாரி வெள்ளாமை கைகொடுக்காத ஆண்டில் வீட்டுச் செலவை ஓட்டுவது பால் பணம்தான். அந்தப் பால் வருமானத்தில் கைவைப்பது ஈ.

ஈயை ஒழிக்க விவசாயிகள் பலவிதமாக முயல்கிறார்கள். மாலையில் வேப்பிலைப் புகை மூட்டம் போடுகிறார்கள். கொட்டகையிலும் எருக்குழியிலும் பூச்சிமருந்து தெளிக்கிறார்கள். நாலு நாள் ஈ குறைந்ததுபோல் தெரிகிறது. பத்தாம் நாள் பழையபடி மொய்க்கிறது. இதற்குக் காரணம் என்ன? எருக்குழியிலேயே குடியிருந்து ஈயை அழிக்கும் ஒரு சிறிய பூச்சியை நாமே அறியாமல் அழித்துவிடுவது முக்கியமான ஒரு காரணம். அந்தப் பூச்சி இன்னதென்று தெரிந்துகொண்டு, அதை வாழவிட்டால், அதிகச் செலவில்லாமல் ஈயைக் கட்டுக்குள் வைக்கலாம்.

ஈயால் வரும் நட்டம்

கொட்டகையில் காணப்படும் ஈக்களில் இரண்டு வகை முக்கியமானவை. ஒன்று வீட்டு ஈ. இது கடிக்காது. ஆனால் சாணத்திலும் சீழிலும் உட்கார்ந்த காலோடு மாட்டின் கண்ணிலும் மடிக்காம்பிலும் பால் பாத்திரத்திலும் உட்காரும். கன்றுகளின் கழிச்சலுக்கும் கண் நோய்க்கும் மடிநோய்க்கும் காரணமான கிருமிகளை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குக் கொண்டு சேர்க்கும். கொட்டகை வீட்டை ஒட்டியே இருப்பதால், அதே ஈ சமையலறைக்கும் வந்து குழந்தைகளின் சோற்றில் உட்காரும்.

மற்றொன்று தொழுவ ஈ. பார்ப்பதற்கு வீட்டு ஈ போலவே இருக்கும். ஆனால் முன்னால் ஊசிபோல் நீட்டிக்கொண்டிருக்கும் வாயால் மாட்டின் கால்களில் குத்தி இரத்தம் குடிக்கும். இதன் கடி பொறுக்காமல் மாடு காலை உதைத்துக்கொண்டும் வாலைச் சுழற்றிக்கொண்டும் நிற்கும்; தீனி தின்னாது; கறக்கும்போது நிலைகொள்ளாது. பால் குறைந்துபோகும். 2019-ஆம் ஆண்டு ஒடிசாவில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டு, பிறகு தமிழ்நாடு உள்பட நாடெங்கும் பரவிய தோல் கழலை நோயைக் கடத்துவதில் இத்தகைய கடிக்கும் ஈக்களுக்கும் கொசுக்களுக்கும் உண்ணிகளுக்கும் பங்கு உண்டு.

பத்து நாளில் ஒரு தலைமுறை

வீட்டு ஈ ஈரச் சாணத்தில் முட்டையிடுகிறது. ஒரு தடவைக்கு 75 முதல் 150 முட்டை வரை, சில நாள் இடைவெளியில் நாலைந்து தடவை இடும். நம் ஊர் வெப்பத்தில் முட்டை ஒரு நாளுக்குள் பொரித்துவிடும். வெளிவரும் வெள்ளைப் புழு நாலு முதல் ஆறு நாள் வரை ஈரச் சாணத்தைத் தின்று வளரும். நன்றாக வளர்ந்த புழு ஈரத்தைவிட்டு விலகி, எருக்குழியின் காய்ந்த ஓரத்துக்கு ஊர்ந்துபோய், கோதுமை மணி போன்ற செம்பழுப்பு நிறக் கூடாக மாறிவிடும். இதைக் கூட்டுப்புழு என்கிறோம். அந்தக் கூட்டுக்குள் அசையாமல் நாலு முதல் ஆறு நாள் கிடந்துவிட்டு ஈயாகப் பறந்துவரும். ஆக, முட்டையிலிருந்து ஈ வரை சுமார் பத்து நாள்தான். தொழுவ ஈக்கு இது இன்னும் சில நாள் கூடுதலாகும். சாணமும் கோமியமும் கலந்து அழுகிய வைக்கோல் இதற்கு மிகவும் பிடித்த இடம்.

பறந்து திரியும் ஈக்கள் மொத்த ஈக் கூட்டத்தில் ஒரு சிறு பங்குதான். முட்டையாகவும் புழுவாகவும் கூடாகவும் எருவுக்குள் கிடப்பவை பல மடங்கு. வேப்பிலைப் புகை பறக்கும் ஈயை விரட்டும். எருவுக்குள் கிடப்பதை ஒன்றும் செய்யாது. சுவரில் தெளிக்கும் மருந்தும் அப்படித்தான்.

அப்படியானால் மருந்தை எருவின்மீதே ஊற்றினால் என்ன என்று கேட்கலாம். ஊற்றிப் பார்த்தவர்களும் உண்டு. அதில் இரண்டு கெடுதல்கள் இருக்கின்றன. முதலாவது, மருந்துக்குத் தப்பிய ஈக்களின் வாரிசுகளுக்கு அந்த மருந்து பிறகு ஏறுவதில்லை. டி.டி.டி. மருந்து புழக்கத்துக்கு வந்த சில ஆண்டுகளிலேயே, 1940-களின் கடைசியில், ஐரோப்பாவில் அதற்குச் சாகாத ஈக்கள் தோன்றிவிட்டன. அதற்குப் பின் வந்த பல மருந்துகளுக்கும் இதே கதி நேர்ந்தது. இரண்டாவது கெடுதல் இதைவிடப் பெரிது. எருவுக்குள் ஈக்கூட்டைத் தேடி வரும் குட்டிக் குளவிகள் அந்த மருந்தில் மடிந்துபோகின்றன.

இந்தக் குளவி கொட்டாது

குளவி என்றதும் இறவாணத்தில் மண்கூடு கட்டும் குளவியையும், மரத்தில் கூடு கட்டிக் கூட்டமாகக் கொட்டும் கதண்டையும் நினைத்துப் பயப்பட வேண்டாம். ஈயை அழிக்கும் குளவி பெரும்பாலும் இரண்டு அல்லது மூன்று மில்லிமீட்டர் நீளம்தான் இருக்கும். கறுப்பாக, சிற்றெறும்புக்கு இறக்கை முளைத்ததுபோல் தோன்றும். மனிதரையோ மாட்டையோ கொட்டாது. வீட்டுக்குள் வந்து தொல்லை கொடுக்காது. எருவின்மீதே நடந்துகொண்டும் சந்துகளில் புகுந்துகொண்டும் இருப்பதால், பல ஆண்டுகளாக மாடு வளர்ப்பவர்கள்கூட இதைக் கவனித்திருக்க மாட்டார்கள்.

இந்தக் குளவிகளில் பல வகைகள் உண்டு. ஸ்பாலாஞ்சியா என்பது எருவுக்குள்ளும் மண்ணுக்குள்ளும் புகுந்து, ஆழத்தில் கிடக்கும் கூடுகளையும் தேடிப் பிடிக்கும். பாக்கிக்ரெபாய்டியஸ் என்பது மேலாகக் கிடக்கும் கூடுகளைத் தாக்கும். டைரைனஸ் என்பது சற்றுப் பெரியது. தலையில் இரண்டு சிறிய கொம்பு போன்ற முனைகள் கொண்டது. அவற்றால் எருவைத் துளைத்துக்கொண்டு போகும். இந்த மூன்று இனங்களுமே இந்தியாவில் உள்ளவைதான்.

கூட்டுக்குள் நடப்பது

தாய்க் குளவி ஈயின் கூட்டைக் கண்டதும் அதன்மேல் ஏறி நடந்து, கொம்புபோன்ற உணர்விழைகளால் தட்டிப் பார்க்கும். பிறகு வயிற்று நுனியில் உள்ள ஊசியால் கூட்டின் ஓட்டைத் துளைத்து உள்ளே முட்டையிடும். முட்டையிலிருந்து வரும் குளவிப் புழு உள்ளே இருக்கும் ஈயைத் தின்றே வளரும். கடைசியில் ஈ வெளிவர வேண்டிய கூட்டிலிருந்து குளவி வெளிவரும். சில கூடுகளைக் குளவி வெறுமனே குத்தி, கசியும் சாற்றைக் குடித்துவிட்டுப் போய்விடுவதும் உண்டு. அந்த ஈயும் பிழைப்பதில்லை.

கரும்பு விவசாயிகளுக்கு இந்த விஷயம் புதிதல்ல. எறையூர் சர்க்கரை ஆலைப் பகுதியானாலும் வேறு எந்த ஆலைப் பகுதியானாலும், இடைக்கணுப் புழுவுக்காகச் சோகையில் கட்டும் முட்டை ஒட்டுண்ணி அட்டையில் இருப்பதும் இதைப்போன்ற ஒரு நுண்ணிய குளவிதான். 2008-ஆம் ஆண்டு கோயம்புத்தூர்ப் பகுதியில் தலைகாட்டிய பப்பாளி மாவுப்பூச்சி, பப்பாளி, மரவள்ளி, மல்பெரி ஆகிய பயிர்களைப் பாழாக்கியதும், 2010-இல் போர்ட்டோ ரிக்கோ தீவிலிருந்து தருவித்த ஒட்டுண்ணிக் குளவியைப் பெருக்கி வயல்களில் விட்ட பிறகு அது அடங்கியதும் பலருக்கு நினைவிருக்கும். பயிரில் செய்ததையே எருக்குழியிலும் செய்ய முடியும்.

பிற இடங்களில் கண்ட அனுபவம்

அமெரிக்காவில் புளோரிடா மாநிலத்தில் 1970-களில் ஆராய்ச்சியாளர்கள் ஸ்பாலாஞ்சியா குளவிகளை ஏராளமாக வளர்த்து, பண்ணைகளில் தொடர்ந்து விட்டு ஈக்களைக் குறைத்துக் காட்டினார்கள். டென்மார்க்கில் கறவை மாட்டுப் பண்ணைகளிலும் பன்றிப் பண்ணைகளிலும் இதேபோன்று செய்து பார்த்ததன் முடிவு 2004-இல் வெளியாயிற்று. நமக்கு அருகிலேயே, புதுச்சேரியில் உள்ள நோய்க்கடத்தி பூச்சிகள் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையத்தின் விஞ்ஞானிகள், டைரைனஸ் குளவியைத் தனியாகவும், ஈப்புழுவின் வளர்ச்சியைத் தடுக்கும் டிரைஃப்ளுமுரான் என்ற மருந்தோடு சேர்த்தும் வீட்டு ஈக்கு எதிராக ஆராய்ந்து 2003-இல் முடிவுகளை வெளியிட்டார்கள்.

வெளிநாட்டு அனுபவத்தில் தோல்விகளும் உண்டு. சில நாடுகளில் குளவி மூட்டை விற்பனைக்கு வந்தபோது, வீட்டு ஈயை நன்றாகத் தாக்காத வேறு வகைக் குளவியே பல மூட்டைகளில் இருந்ததால் வாங்கியவர்களுக்குப் பலன் கிட்டவில்லை. ஒரே ஒரு தடவை விட்டுவிட்டுச் சும்மா இருந்தவர்களுக்கும் பலன் கிட்டவில்லை. சாணத்தை ஈரமாகக் குவித்து வைத்துக்கொண்டு குளவியை மட்டும் நம்பியவர்களும் ஏமாந்தார்கள். நம் ஊரில் கரும்பு அட்டையைப்போல் ஈக்குளவியை எங்கும் கேட்டு வாங்கிவிட முடியாது. ஆகவே சிறு விவசாயி இதற்காகப் பணம் செலவழிக்க அவசரப்பட வேண்டாம். இருக்கும் குளவியைக் காப்பாற்றிப் பெருகவிடுவதுதான் அவருக்கு ஏற்ற வழி.

பத்து நாளும் மூன்று வாரமும்

ஈ பத்து நாளில் ஒரு தலைமுறை முடிக்கிறது. குளவிக்கோ முட்டையிலிருந்து வெளிவர வகைக்குத் தக்கபடி 15 முதல் 25 நாள் ஆகிறது. சராசரியாக மூன்று வாரம் என்று வைத்துக்கொள்ளலாம். அதாவது குளவி ஒரு தலைமுறை பெருகுவதற்குள் ஈ இரண்டு தலைமுறை பெருகிவிடுகிறது. இந்த ஓட்டத்தில் குளவி எப்போதும் பின்தங்கியே இருக்கும். மழை தொடங்கிய புதிதில் ஈ குப்பென்று பெருகுவதும், குளவி அதை எட்டிப்பிடிக்கச் சில வாரங்கள் ஆவதும் இதனால்தான்.

அந்தச் சில வாரங்களுக்குள் எருவின்மீது மருந்து ஊற்றினாலும், எருக்குழியை ஒரேயடியாக வழித்து எடுத்தாலும், குளவி முழுவதும் போய்விடும். ஈ மட்டும் பக்கத்து வீட்டுக் கொட்டகையிலிருந்து பறந்துவந்து புதுச் சாணத்தில் முட்டையிட்டுப் பத்தே நாளில் பெருகிவிடும். குளவிக்கு அவ்வளவு வேகம் கிடையாது. ஆகவே ஈயின் வேகத்தைக் குறைக்க வேண்டும். குளவிக்கு மூன்று வாரம் அவகாசம் கொடுக்க வேண்டும். இந்த இரண்டையும் மனத்தில் வைத்துக்கொண்டால் கீழே சொல்லப்படும் முறைகள் எல்லாம் எளிதில் விளங்கும்.

எருக்குழியில் செய்ய வேண்டியவை

1. ஈரத்தைக் குறைக்க வேண்டும். ஈப்புழு வளர்வதற்கு ஈரம் வேண்டும். குளவிக்கோ காய்ந்து பொலபொலவென்று இருக்கும் எருவே ஏற்றது. கொட்டகையின் கோமியம் எருக்குழியின் ஓரத்தில் தேங்காமல் தனியாக வாய்க்கால் எடுத்து விடலாம். தண்ணீர்த் தொட்டி ஒழுகினால் சரிசெய்ய வேண்டும். மழைத் தண்ணீர் குழிக்குள் பாயாமல் சுற்றிலும் கரை போட வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் குழியின்மேல் தென்னங்கீற்றால் ஒரு சாய்ப்பு இறக்கினால் மிகவும் நல்லது.

2. கொட்டகைச் சாணத்தை நாள்தோறும் அள்ள வேண்டும். மூலை முடுக்கிலும் தீனித் தொட்டியின் அடியிலும் மிதிபட்ட சாணமும் வைக்கோலும் ஒரு வாரம் கிடந்தால் அதுவே ஈக்கு நாற்றங்கால். ஈப்புழு கூடாவதற்கு ஐந்தாறு நாள் ஆவதால், இந்த மூலைகளை வாரத்துக்கு இரண்டு தடவையாவது சுரண்டி எடுத்துவிட்டால் புழு கூடாக மாறும் முன்பே அகன்றுவிடும். வெயில் காலத்தில் சாணத்தை மெல்லியதாகப் பரப்பி உலர்த்தலாம். வரட்டி தட்டும் வீடுகளில் இது தானாகவே நடந்துவிடுகிறது. சாண எரிவாயுக் கலம் இருந்தால் புதுச் சாணம் அன்றன்றே அதற்குள் போய்விடும்.

3. குழியை இரண்டாகப் பிரிக்க வேண்டும். இதுதான் முக்கியமான முறை. ஒரே குழியில் ஆண்டு முழுவதும் சாணத்தைக் கொட்டாமல், நடுவில் ஒரு வரப்பு விட்டு இரண்டு குழிகளாக்கிக்கொள்ளலாம். ஒன்றில் கொட்டிவரும்போது மற்றது கிளறப்படாமல் மக்கிக்கொண்டிருக்கும். மக்கும் குழியின் காய்ந்த ஓரங்களில் பழைய கூடுகளிலிருந்து குளவிகள் வெளிவந்து, பக்கத்திலேயே உள்ள புதுக் குழிக்குப் போய் வேலையைத் தொடங்கும். குழி மாற்றிய பிறகு பழைய குழியைக் குறைந்தது மூன்று நாலு வாரத்துக்குத் தொடக்கூடாது.

4. புதுச் சாணத்தைக் குழியின் நடுவில் கொட்டி, மேலே பழைய காய்ந்த எருவையோ குப்பையையோ தூவி மூட வேண்டும். நடுவில் எரு மக்கும்போது உண்டாகும் சூட்டில் புழு பிழைக்காது. ஓரங்களை மட்டும் கிளறாமல் விட்டுவிட வேண்டும்.

5. வயலுக்குக் குப்பை அடிக்கும்போது குழியைத் துடைத்து எடுத்துவிடக் கூடாது. சித்திரை, வைகாசியில் வண்டியிலும் டிராக்டரிலும் குப்பை அடிக்கும்போது, கரை ஓரமாக உள்ள காய்ந்த எருவில் நாலைந்து கூடையளவு அங்கேயே விட்டுவைக்க வேண்டும். அதில் இருக்கும் கூடுகளும் குளவிகளும்தான் அடுத்த பருவத்துக்கு விதை. விதை நெல்லை யாரும் விற்றுத் தீர்ப்பதில்லை அல்லவா?

6. எருவின்மீதும் கொட்டகைத் தரையிலும் பூச்சிமருந்து தெளிக்கக் கூடாது. ஈ பொறுக்க முடியாத அளவுக்குப் போனால், கால்நடை மருத்துவரின் யோசனைப்படி ஈ உட்காரும் சுவர், தூண் ஆகிய இடங்களில் மட்டும் மருந்தைப் பயன்படுத்தலாம். பசை தடவிய அட்டைகளைத் தொங்கவிடலாம். விஷத் தீனி வைத்தால் கன்றுக்கும் கோழிக்கும் குழந்தைகளுக்கும் எட்டாத இடத்தில் வைக்க வேண்டும். பறக்கும் ஈயை இப்படிக் குறைத்தால் எருவில் உள்ள குளவிக்குக் கெடுதல் இல்லை. அதன் வேலையும் சுலபமாகும்.

நாட்டுக்கோழிகள் எருக்குழியைக் கிளறிப் புழுக்களைப் பொறுக்குவது நல்லதே. அவை குளவி இருக்கும் கூடுகளையும் சேர்த்துத் தின்றுவிடும் என்பதால், விட்டுவைத்த காய்ந்த ஓரத்தின்மேல் மட்டும் முள்ளை வெட்டிப் போட்டு வைத்தால் போதும்.

சீசாவில் ஒரு சோதனை

தன் எருக்குழியில் குளவி இருக்கிறதா, எவ்வளவு இருக்கிறது என்பதை எந்த விவசாயியும் செலவில்லாமல் தெரிந்துகொள்ளலாம். எருக்குழியின் காய்ந்த ஓரத்திலும், கொட்டகைச் சுவரடியிலும், கல்லுக்கு அடியிலும் இரண்டு அங்குல ஆழம் வரை கிளறினால் செம்பழுப்புக் கூடுகள் கிடைக்கும். அவற்றில் துவாரமில்லாத, முழுசான கூடுகளாக நூறு பொறுக்க வேண்டும். ஒரே இடத்தில் பொறுக்காமல் நாலைந்து இடங்களில் பொறுக்குவது நல்லது.

அவற்றை ஒரு கண்ணாடிச் சீசாவில் போட்டு, நெருக்கமாக நெய்த துணியால் வாயைக் கட்டி, வெயில் படாத இடத்தில் வைக்க வேண்டும். எறும்பு ஏறாமலிருக்க, தண்ணீர் ஊற்றிய தட்டின் நடுவில் ஒரு கல் போட்டு அதன்மேல் சீசாவை வைக்கலாம். ஒரு வாரத்துக்குள் ஈக்கள் வெளிவந்துவிடும். பத்தாம் நாள் செத்துக் கிடக்கும் ஈக்களை எண்ணி எடுத்துவிட்டு, மிச்சக் கூடுகளோடு சீசாவை மறுபடியும் கட்டி வைக்க வேண்டும். அடுத்த இரண்டு மூன்று வாரத்தில் குட்டிக் குளவிகள் வெளிவரும்.

கூட்டைப் பார்த்தே எது வந்தது என்று சொல்லிவிடலாம். ஈ வந்த கூட்டில் ஒரு முனை மூடிபோல் கழன்றிருக்கும். குளவி வந்த கூட்டில் ஊசியால் துளைத்ததுபோல் ஒரு சிறிய வட்டத் துவாரம் இருக்கும். எதுவும் வராமல் செத்துப்போன கூடுகளிலும் ஒரு பகுதி குளவி குத்திச் செத்தவையாக இருக்கலாம்.

நூறு கூட்டில் தொண்ணூறுக்குமேல் ஈயாகவே வந்தால், அந்தக் குழியில் குளவி நிலைக்கவில்லை என்று பொருள். மருந்து, அதிக ஈரம், அடிக்கடி வழித்தெடுப்பது இவற்றில் எது காரணம் என்று பார்க்க வேண்டும். குளவி கணிசமாக வந்தால் குழி நல்ல நிலையில் இருக்கிறது. மழை தொடங்கும்போது ஒரு தடவையும் தை மாதத்தில் ஒரு தடவையும் இந்தச் சோதனையைச் செய்தால், கடைப்பிடிக்கும் முறையில் பலன் இருக்கிறதா என்பது தெரிந்துவிடும்.

குளவி இல்லாத குழிக்கு

சோதனையில் குளவி மிகவும் குறைவாக இருந்தால், மருந்து தெளிக்காத வேறொரு எருக்குழியிலிருந்து குளவியைக் கொண்டுவந்து சேர்த்துப் பார்க்கலாம். உறவினர் வீட்டிலோ பக்கத்து ஊரிலோ குளவி உள்ள குழியிலிருந்து, கூடுகளைக் கொஞ்சம் காய்ந்த எருவோடு வாரி, ஒரு பழைய மண்பானையில் போட்டு வாயைத் துணியால் இறுகக் கட்ட வேண்டும். பத்து நாள் அவிழ்க்கக் கூடாது. அதற்குள் ஈயாக வர வேண்டியவை வந்து உள்ளேயே செத்துவிடும். பிறகு துணியை அவிழ்த்து, பானையை எருக்குழியின் காய்ந்த ஓரத்தில் நிழலில் படுக்க வைத்துவிடலாம். மழையும் கோழியும் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஈ முன்னே வருகிறது, குளவி பின்னே வருகிறது என்ற காலக் கணக்கே இங்கு சல்லடையாக உதவுகிறது.

இதை மழைக்கு முன், ஆவணி, புரட்டாசியிலேயே தொடங்கி, இரண்டு வாரத்துக்கு ஒரு பானையாக மூன்று நாலு தடவை செய்வது நல்லது. ஈ மொய்த்த பிறகு தொடங்கினால் குளவி எட்டிப்பிடிக்க நாளாகும். நோய் கண்ட மாடுகள் உள்ள கொட்டகையிலிருந்து எருவைக் கொண்டுவரக் கூடாது.

எதற்கு உதவாது?

குளவியால் ஆகாத காரியங்களும் உண்டு. மேய்ச்சல் காட்டில் கிடக்கும் சாணத்தில் பெருகி, எருமையின் முதுகில் அப்பிக்கொள்ளும் சிறு ஈக்கு எருக்குழிக் குளவியால் பெரிய பலன் இல்லை. ஏரி, குளக்கரைச் சேற்றில் பெருகும் பெரிய மாட்டு ஈக்கும் இது உதவாது. புண்ணில் முட்டையிட்டுப் புழுப் பிடிக்கச் செய்யும் ஈயை இதனால் தடுக்க முடியாது. புண்ணுக்கு உடனே மருந்திடுவதே வழி. தோல் கழலை நோய்க்குத் தடுப்பூசிதான் பாதுகாப்பு. ஈ குறைந்துவிட்டது என்று தடுப்பூசியைத் தள்ளிப்போடக் கூடாது.

மேலும், ஒரு வீட்டில் மட்டும் செய்தால் பலன் பாதிதான். ஈ ஒரு கிலோமீட்டருக்கு மேலும் பறந்து வரக்கூடியது. ஒரு தெருவில் பத்து வீடு மாடு வைத்திருந்தால், பத்து வீடும் சேர்ந்து எருவில் மருந்து ஊற்றுவதை நிறுத்தி, குழியை உலர வைத்தால்தான் முழுப் பலனையும் காணலாம். பால் கூட்டுறவுச் சங்கத்தில் காலையும் மாலையும் கூடும் இடத்தில் இதைப் பேசி முடிவெடுப்பது சுலபம். பெண்களே பெரும்பாலும் சாணம் அள்ளுகிறார்கள் என்பதால் அவர்களுக்கு இந்தக் குளவியைக் காட்டி விளக்குவது மிகவும் அவசியம்.

பெரம்பலூர் மாவட்டத்தில் வாலிகண்டபுரத்திலும், அரியலூர் மாவட்டத்தில் சோழமாதேவியிலும் வேளாண் அறிவியல் மையங்கள் இருக்கின்றன. சீசாவில் வெளிவந்த பூச்சிகளை அங்கே கொண்டுபோய்க் காட்டி, அது எந்த வகைக் குளவி என்று விசாரிக்கலாம். மாட்டுக்குத் தடவும் மருந்து, கொட்டகைக்குத் தெளிக்கும் மருந்து பற்றி அருகிலுள்ள கால்நடை மருந்தகத்தில் யோசனை கேட்ட பிறகே வாங்க வேண்டும். பால் கறக்கும் மாட்டுக்கு எந்த மருந்தும் பாலில் சேராதபடி பார்ப்பது முக்கியம்.

மருந்துக்கடையில் கொடுக்கும் பணம் மிச்சமாவது ஒரு பக்கம் இருக்க, மருந்து கலக்காத எரு வயலுக்குப் போவதும், கறக்கும்போது மாடு நிலையாக நிற்பதும் இந்த முறையால் கிடைக்கும் லாபங்கள். வரும் புரட்டாசிக்குள் எருக்குழியின் நடுவே ஒரு வரப்பைப் போட்டு, நூறு கூடு பொறுக்கிச் சீசாவில் கட்டி வைக்கும் வேலையை முடித்துவிட்டால், மழைக்கால ஈயை எதிர்கொள்ள விவசாயி தயாராகிவிடலாம்.